ஒரே குப்பி, இரண்டு சிரிஞ்ச்: இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்ததில் ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பிரிவில் பதிவான நிகழ்வு இது. எழுதுவது அந்தப் பிரிவின் செவிலியர். நோயாளியும் அவர் வீட்டாரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். ஆட்களின் பெயர், ஊர், மருத்துவமனை, கடை எதுவும் இதில் இல்லை. இன்சுலின் போடும் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்களும், வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அந்த அம்மாவுக்கு வயது 54, எடை 51 கிலோ. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். வீட்டில் கணவரும் மருமகளும், மகள் வயிற்றுப் பேரனும் இருக்கிறார்கள். பேரன் ஏழாம் வகுப்பு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அந்த அம்மாவுக்குப் பணம் எண்ணத் தெரியும், பஸ் நம்பர் தெரியும். பொடி எழுத்து படிக்க வராது, கிட்டப் பார்வையும் மங்கல்.

சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதலில் மெட்பார்மின், பிறகு அதோடு கிளிமிப்ரைடு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்தது. மாத்திரை தவறவிட்டதாகப் பதிவேட்டில் இல்லை. ஆனாலும் இந்த நிகழ்வு நடந்த வருஷம் சித்திரையில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 290, மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 11.2. பக்கத்து டவுனில் இருக்கும் பெரிய மருத்துவமனையில் கிளிமிப்ரைடை நிறுத்திவிட்டு இன்சுலின் ஆரம்பித்தார்கள். 30/70 கலவை இன்சுலின், காலை 16 யூனிட், இரவு 8 யூனிட்.

இன்சுலின் ஆரம்பித்த அன்று கொடுத்த அறிவுரை என்ன என்று பிற்பாடு அவரிடமே கேட்டேன். "வயித்துல போடணும், ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், இனிப்பு சாப்பிடக் கூடாது" என்றார். கூடவே அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஓட்ஸ், ஆப்பிள், கோதுமை ரொட்டி என்று இருந்தது. ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்து அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வீட்டில் ஓட்ஸ் ஒருநாளும் வாங்கியதில்லை, ஃப்ரிட்ஜும் கிடையாது.

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை மாதம் ஒருமுறை போய்க் காட்டினார். ஒவ்வொரு முறையும் சர்க்கரை 250-க்கும் 300-க்கும் நடுவில் நின்றது, ஊசி அளவும் கூடிக்கொண்டே போனது. 20–10, பிறகு 26–14, கடைசியில் 30–16. "வாயைக் கட்டுறதில்லைபோல" என்று அங்கே சொன்னதாக அந்த அம்மா வருத்தப்பட்டார். அந்த மாதங்களில் அவர் ராத்திரி சோற்றையே பாதியாகக் குறைத்திருந்தார்.

வயலில் நடந்தது

ஐப்பசியில் சம்பா நடவு. அன்று காலை ஐந்து மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, சமைத்து வைத்துவிட்டு, ஆறரைக்கு வயலில் இறங்கியிருக்கிறார். பழைய சோற்றுத் தூக்கு வரப்பில் இருந்தது. நடவாட்கள் எல்லோரும் ஒன்பது மணிக்குச் சாப்பிடுவதுதான் வழக்கம்.

எட்டு மணிக்கு மேல் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண் ஒன்றைக் கவனித்திருக்கிறார். எல்லோரும் பின்னால் நகர்ந்து வர, இந்த அம்மா மட்டும் ஒரே இடத்தில் நாற்று மேல் நாற்றாக ஊன்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கரையேற்றி உட்கார வைத்தபோது உடம்பு தொப்பலாக வேர்த்திருந்தது, கை நடுங்கியது. பித்தம் என்றார் ஒருவர், வெறும் வயிறு என்றார் இன்னொருவர். அந்த நேரம் டீ வந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே வழக்கம்போல அவருக்கு மட்டும் சீனி போடாத டீயைக் கொடுத்தார்கள். இரண்டு மடக்கு குடித்தார், அப்படியே சாய்ந்துவிட்டார்.

அந்த டீ விஷயத்தைக் கேட்டபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்தப் பெண்கள் அக்கறையோடுதான் செய்தார்கள். சர்க்கரை நோய் என்றால் இனிப்பு கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறோம், அதை அவர்கள் மனதில் வாங்கியிருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவருக்கு இனிப்பே உயிர் காக்கும் மருந்தாகும் ஒரு நேரம் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை.

108 வந்து பார்த்தபோது சர்க்கரை 38. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே ஆபத்து. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீரை ஏற்றிய சற்று நேரத்தில் கண் திறந்து பேசினார். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து, சாப்பிடாமல் ஊசி போடக் கூடாது என்று சொல்லி, அளவை 24–12 ஆகக் குறைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஊசியையே நிறுத்திவிட்டார். கணவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்: "இத்தன வருஷம் மாத்திரையில இருந்த ஆளு. ஊசி போட்டதுக்கப்புறம்தான சாவக் கெடந்தா?"

எங்களிடம் வந்தபோது

ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து மாத்திரை கொடுக்கப் போன தன்னார்வலர், அந்த அம்மா இளைத்துப்போய்ப் படுத்திருப்பதைப் பார்த்தார். ராத்திரியில் பலமுறை சிறுநீர், அடங்காத தாகம். ஊசி நின்றுபோன விஷயத்தையும் அவர்தான் விசாரித்து அறிந்தார். மறுநாளே அழைத்து வந்துவிட்டார். அவருடைய கவனம் இல்லாவிட்டால் இந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வெறும் வயிற்றில் 318. இன்சுலின் மிகவும் குறைந்துபோனால் சிறுநீரில் தெரியும் கீட்டோன் இல்லை. கிரியேட்டினின் 0.9, சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. ஹெச்பிஏ1சி 11.6. காலில் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையை வைத்துப் பார்த்ததில் இரண்டு பாதத்திலும் சில இடங்களில் தொடுவது தெரியவில்லை. புண் இல்லை.

எங்களைக் குழப்பியது ஒன்றுதான். 30–16 போட்டும் 250-க்குக் கீழே வராத சர்க்கரை, அதே 30–16-இல் திடீரென்று 38-க்கு எப்படிப் போனது? சாப்பாடு தாமதம் ஒரு காரணம், சரி. ஆனால் ஆனி, ஆடியில் குறுவை நடவுக்கும் அதே ஐந்து மணி ஊசி, அதே ஒன்பது மணிச் சாப்பாட்டோடுதான் போயிருக்கிறார். அப்போது ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தச் சொன்ன கிளிமிப்ரைடு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டோம். இன்சுலினை உடம்பில் கூடுதல் நேரம் தங்கவைக்கும் சிறுநீரகக் கோளாறும் இல்லை என்று ஆகிவிட்டது.

மருத்துவ அலுவலர் அன்றைக்கு அளவு எதையும் எழுதவில்லை. இரண்டு வேளைக்கு மட்டும் எங்கள் கையாலேயே குறைந்த அளவு போடச் சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கும் ஊசி சாமான் அத்தனையையும் பையோடு மறுநாள் கொண்டுவரச் சொன்னார். பேரனும் வரவேண்டும் என்றார். மருமகள் தாய்வீடு போன பிறகு மருந்தை உறிஞ்சிக் கொடுப்பது பேரன்தான் என்று அதற்குள் தெரிந்திருந்தது.

பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது

மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. கிளிமிப்ரைடு அட்டை அதில் இல்லை. குப்பி ஒன்று, மேலே ஒட்டியிருந்த தாள் தண்ணீரில் ஊறிப் பாதி உரிந்து போயிருந்தது. மண்பானைத் தண்ணீரில் நேராகவே மிதக்கவிட்டிருக்கிறார்கள். அடியில் பழைய சிரிஞ்ச் சில, ஆரஞ்சு மூடி போட்டவை. மேலே புதிது நான்கு, சிவப்பு மூடி.

நான் எதையும் விளக்கவில்லை. ஒரு காலிக் குப்பியில் தண்ணீர் நிரப்பிப் பேரனிடம் கொடுத்து, "வீட்ல ஆச்சிக்கு எப்படி எடுத்துக் கொடுப்பியோ, அப்படியே எடுப்பா" என்றேன். சிவப்பு மூடி சிரிஞ்சில் 30 என்ற கோடுவரை சரியாக எடுத்தான். ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்து இதிலும் எடு என்றேன். அதிலும் 30 கோடுவரை சரியாகவே எடுத்தான். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம். ஒன்றில் தண்ணீர் முக்கால் குழாய்க்கு நின்றது. மற்றதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பேரனே முதலில் சொன்னான்: "ரெண்டுலயும் முப்பதுதான் சிஸ்டர். ஆனா இது அதிகமா இருக்கு."

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். இன்சுலின் பேனா என்ற ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜிலும் சில வகைக் குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கேற்றபடி சிரிஞ்சும் இரண்டு. சிவப்பு மூடி போட்டதில் கோடு 40-இல் முடியும், ஆரஞ்சு மூடி போட்டதில் 100-இல் முடியும். இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். 40 குப்பிக்கு 100 சிரிஞ்சைப் பயன்படுத்தினால், 30 கோட்டில் இருப்பது 0.3 மில்லி, அதாவது 12 யூனிட்தான். 16 கோட்டில் இருப்பது 6.4 யூனிட்.

அப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. வைகாசி முதல் புரட்டாசி வரை டவுனில் ஒரு மருந்துக்கடையில் மருமகள் வாங்கி வந்தது ஆரஞ்சு மூடி. சீட்டில் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று மட்டும் இருந்தது, கடையில் இருந்ததைக் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தில் ஒரு நாளைக்கு 46 யூனிட், உடம்புக்குள் போனதோ 18 சொச்சம். புரட்டாசிக் கடைசியில் வளைகாப்பு முடிந்து மருமகள் தாய்வீடு போனார். ஐப்பசியில் சிரிஞ்ச் தீர்ந்ததும் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில் வாங்கினார். அங்கே கொடுத்தது சிவப்பு மூடி, அதாவது அந்தக் குப்பிக்கு உரிய சரியான சிரிஞ்ச். அன்றிலிருந்து 46 யூனிட்டும் முழுதாக உள்ளே போனது. முன்பைவிட இரண்டரை மடங்கு. மூன்றாம் நாள் காலை வயலில் விழுந்தார்.

சரியான சிரிஞ்ச் வந்த பிறகே ஆபத்து வந்தது என்பதால்தான் இதை யாரும் யூகிக்கவில்லை. மருமகளோ பேரனோ செய்ததில் ஒரு பிழையும் இல்லை. சொன்ன கோடுவரை சரியாக எடுத்தார்கள்.

அன்று கண்ட இன்னும் இரண்டு விஷயங்கள். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் எலுமிச்சை அளவு தடிப்பு விழுந்திருந்தது. அங்கே வலிப்பதில்லை என்பதால் அங்கேயே போட்டிருக்கிறார். அப்படித் தடித்த இடத்தில் மருந்து ஒருநாள் கொஞ்சம், ஒருநாள் நிறைய என்று ஏறும். அடுத்தது, கலவை இன்சுலினை உருட்டாமல் எடுத்தது. அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை உள்ளங்கைக்குள் வைத்து மெதுவாக உருட்டி, ஒரே பால் நிறமாக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

இன்சுலின் வேண்டும் என்பதில் மருத்துவ அலுவலருக்கு ஐயம் இல்லை. பழைய கணக்கில் நின்ற 30–16-ஐயும், மருத்துவமனை குறைத்துக் கொடுத்த 24–12-ஐயும் விட்டுவிட்டு, சிவப்பு மூடி சிரிஞ்சில் காலை 16, இரவு 8 என்று எழுதினார். சித்திரையில் முதன்முதலாக எழுதிக் கொடுத்த அதே அளவு. அந்த அளவு அந்த அம்மாவின் உடம்புக்கு ஒருநாளும் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தடிப்பு இல்லாத புது இடத்தில் போடும்போது மருந்து நன்றாக ஏறும் என்பதையும் கணக்கில் வைத்தே குறைவாகத் தொடங்கினோம். ஹெச்பிஏ1சி இலக்கை முதல் ஆறு மாதத்துக்கு 7 என்று வைக்காமல் 8 என்று வைத்தார். ஒருமுறை 38-க்குப் போய் வந்தவருக்கு மறுபடி அது நேரக் கூடாது, ஊசி மேல் வந்த பயமும் போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பேனாவுக்கு மாற்றலாமா என்றும் பேசினோம். பேனாவில் இந்த சிரிஞ்ச் குழப்பம் வராது. ஆனால் இலவசமாக அவருக்குக் கிடைப்பது குப்பி. கார்ட்ரிட்ஜும் ஊசியும் காசு கொடுத்து வாங்கவேண்டி வந்தால், கூலி இல்லாத மாதத்தில் நின்றுபோகும். தொடர்ந்து கிடைப்பதை வைத்துக்கொண்டு பத்திரமாகப் போடக் கற்றுக்கொடுப்பதே நல்லது என்று குப்பியிலேயே நின்றோம்.

கற்றுக்கொடுப்பதில் எடுத்த முடிவுதான் இந்த ஆய்வின் உயிர். சர்க்கரை நோய்க் கல்வி என்றால் உணவு, உடற்பயிற்சி, கால், கண், மாத்திரை, ஊசி என்று ஒரு பெரிய பட்டியல் எங்களிடம் உண்டு. அத்தனையையும் ஒரே நாளில் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் டிக் போட முடியும். இந்த அம்மாவுக்கு முதல் அமர்வில் மூன்று விஷயம் மட்டும் என்று தீர்மானித்தோம். எந்த சிரிஞ்ச் சரி, ஊசிக்கும் சோற்றுக்கும் எவ்வளவு இடைவெளி, தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மறுபடி விழுவார். மற்றவை காத்திருக்கலாம்.

கற்றுக்கொடுத்த விதம்

சிரிஞ்சுக்கு மூடியின் நிறத்தைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஆனால் மூடி தொலையும், ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு மாறும். ஆகவே நிறத்தோடு ஒரு விதியும் சேர்த்தோம்: குப்பியில் இருக்கும் நம்பரும் சிரிஞ்சின் கடைசி நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். 40-க்கு 40, 100-க்கு 100. பஸ் நம்பர் பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டு நம்பரை ஒப்பிடுவது கஷ்டமில்லை. பொடி எழுத்தைப் பேரன் வாசித்துச் சொல்வான், ஒன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டியது ஆச்சியின் வேலை. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டோம்.

குப்பியைத் தண்ணீரில் போடாமல் மூடியுள்ள சின்ன டப்பாவில் வைத்து, ஈர மணல் நிரப்பிய பானைக்குள் அந்த டப்பாவை வைக்கச் சொன்னோம். திறந்த குப்பியை 4 வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று திறந்த தேதியைப் பேரன் பேனாவால் எழுத வேண்டும்.

ஊசிக்கும் சோற்றுக்கும் உள்ள இடைவெளியில்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. இந்த வகை இன்சுலின் போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். "அஞ்சு மணிக்கு எனக்குச் சோறு எறங்காது சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. வயலில் போய் ஊசி போடலாமே என்று கேட்டேன். சேறு பட்ட கையோடு, நாலு பேர் பார்க்க எப்படிச் சேலையை விலக்குவது என்று கேட்டார். நியாயமான பதில். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சமையலை முடித்துவிட்டு, கிளம்புவதற்குச் சற்று முன்னால் ஐந்தே முக்காலுக்கு ஊசி, ஆறேகாலுக்குள் வீட்டிலேயே ஒரு கிண்ணம் பழைய சோறு, ஒன்பது மணிக்கு மற்றவர்களோடு மீதி. அவர் வாயால் வந்த ஏற்பாடு என்பதால் நிலைக்கும் என்று நம்பினோம், நிலைக்கவும் செய்தது.

தாழ்சர்க்கரைக்கு மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் கட்டி, வெற்றிலைபாக்கு வைக்கும் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொடுத்தோம். நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் மங்கல் இதில் ஏதாவது வந்தால் உடனே தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சோறு. மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் சந்தேகம் வந்தாலே குடித்துவிட வேண்டும். ஒருவேளை தாழ்சர்க்கரை இல்லாமல் இருந்தால் சர்க்கரை சற்று ஏறும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் புரியவில்லை என்று சொல்வதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரை உள்ளே கூப்பிட்டு, "இப்ப நீங்க அவருக்குச் சொல்லிக் குடுங்கம்மா" என்றேன். அந்த அம்மா சொல்லத் தொடங்கினார். சிரிஞ்ச் விதியைச் சரியாகச் சொன்னார், சோறு நேரத்தையும் சொன்னார். குளுக்கோஸ் விஷயத்தில் "மயக்கம் வந்தா குடிக்கணும்" என்றார். மயக்கம் வந்த பிறகு குடிக்க முடியாது, அதற்கு முன்னால் வேர்க்கும்போதே குடிக்க வேண்டும் என்பது அவர் மனதில் பதியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதை மட்டும் மறுபடி பேசினோம். கணவரோ இரண்டு சிரிஞ்சையும் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கி நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஊசி கெடுதல் பண்ணல. அளவுதான் மாறிப்போச்சு. அப்படித்தானே?" அதற்குப் பிறகு ஊசி வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை.

நடவாட்களுக்கும் சொல்லாமல் இதை முடிக்க முடியாது என்று தோன்றியது. மயங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஆட்களைக் கூட்டிவரும் அம்மாவிடம் தன்னார்வலர் பேசி வைத்தார், டீ நேரத்தில் வரப்போரம் போய்ப் பேசினோம். ஊசி போடுகிற ஆள் வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, சொன்னது விளங்காமல் நின்றால் முதலில் இனிப்பு கொடுங்கள், விசாரணை அப்புறம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அன்றைக்குச் சீனியில்லாத டீ கொடுத்த பெண்மணி அழுதுவிட்டார். "ஒங்க மேல தப்பில்லம்மா, ஒங்களுக்கு யாரும் சொல்லல" என்று அந்த அம்மாவே அவரைத் தேற்றினார். அந்தக் கூட்டத்தில் இன்னும் இருவர் தங்கள் வீட்டிலும் இன்சுலின் போடுகிறார்கள் என்று சொல்லி, மறுவாரம் சிரிஞ்சைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

அதன் பிறகு

முதல் மாதம் தன்னார்வலர் வாரம் ஒருமுறை வீட்டிலேயே சர்க்கரை பார்த்தார். இரண்டாவது வாரத்தில் வெறும் வயிற்றில் 210. மருத்துவ அலுவலர் அவசரப்படாமல் 18–8, பிறகு 20–10 என்று ஏற்றினார். கார்த்திகைக் கடைசியில் வெறும் வயிற்றில் 150 பக்கம், சாப்பிட்ட பிறகு 200-க்குச் சற்று மேல்.

சோற்றைப் பற்றிப் பிற்பாடுதான் பேசினோம். அரிசியே கூடாது என்று ரேஷன் அரிசியில் ஓடும் வீட்டில் சொல்வதில் அர்த்தமில்லை. அவர் வீட்டு அகப்பையையே அளவாக வைத்து, மதியம் நான்கு என்பதை மூன்றாக்கி, அந்த இடத்தில் கீரையோ பயறோ சேர்க்கச் சொன்னோம். ராத்திரி பாதியாகக் குறைத்திருந்த சோற்றைக் கூட்டச் சொன்னபோது ஆச்சரியப்பட்டார். இரவு ஊசி போட்டுவிட்டு அரை வயிற்றோடு படுத்தால் நடுராத்திரியில் இறங்கிவிடும் என்று விளக்கினோம்.

மார்கழியில் ஒரு நாள் கோயிலுக்குப் போன இடத்தில் சாப்பாடு தாமதமாகி வேர்த்திருக்கிறது. சுருக்குப் பையில் இருந்ததைக் கரைத்துக் குடித்து, உட்கார்ந்து, தெளிந்த பிறகு சாப்பிட்டிருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. மறுமுறை வந்தபோது, "காலி பண்ணிட்டேன் சிஸ்டர், வேற கட்டிக் குடுங்க" என்றுதான் சொன்னார். விசாரித்தபோதுதான் முழு விஷயமும் வந்தது.

மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 8.6. ஆறு மாதத்தில் 7.9. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. தடிப்பு பாதியாக அமுங்கியிருந்தது. வயிற்றில் நான்கு இடம், தொடையில் இரண்டு இடம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்.

இந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பங்குனியில் நடந்தது. இலவசக் குப்பி கிடைக்காத ஒரு வாரத்தில் கணவர் வெளியில் வாங்கி வந்திருக்கிறார். பேரன் குப்பியைப் பார்த்து 100 என்று வாசித்திருக்கிறான். சிரிஞ்சில் கடைசி நம்பர் 40. அந்த அம்மா ஊசி போட மறுத்து, சாயங்காலமே கடைக்குத் திருப்பி அனுப்பி 40 குப்பியாக மாற்றி வாங்கச் சொல்லியிருக்கிறார். 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்திருந்தால் உள்ளே போயிருப்பது 50 யூனிட். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது. ரெண்டு நம்பரும் ஒண்ணா இல்ல என்ற அளவில் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது.

மாற்றியவையும் மாறவேண்டியவையும்

எங்கள் பிரிவில் இப்போது இன்சுலின் போடும் எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாமான் பையோடு வரவேண்டும். அளவைக் கூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கண் முன்னே எடுத்துக் காட்டச் சொல்கிறோம். வீட்டில் யார் உறிஞ்சிக் கொடுக்கிறார்களோ அவர்தான் காட்ட வேண்டும். நோயாளியின் குறிப்பேட்டில் வெறும் "16–0–8" என்று எழுதாமல் "40 குப்பி, 40 சிரிஞ்ச், சிவப்பு மூடி" என்றும் எழுதுகிறோம். சுற்று வட்டார மருந்துக்கடைகளிலும் இதைச் சொல்லியிருக்கிறோம். சிலர் கேட்டுக்கொண்டார்கள், சிலர் சீட்டில் இருப்பதைத்தான் கொடுப்போம் என்றார்கள். ஆகவே சீட்டிலேயே எழுதுவதுதான் வழி. பெரிய மருத்துவமனைகள் இன்சுலினை ஆரம்பிக்கிற அன்றே இதை எழுதிக் கொடுத்தால் நல்லது, எங்கள் மருத்துவ அலுவலர் அதைக் கடிதமாகக் கேட்டிருக்கிறார்.

ஊசி போடுகிறவர் வீட்டுக்குப் போகும் தன்னார்வலர்களுக்கு இரண்டு சிரிஞ்சையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டிப் பயிற்சி கொடுத்தோம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதில் இன்சுலின் போடுகிறவர் வீட்டில் அளவு எடுப்பது பல நேரம் பள்ளிக்கூடப் பிள்ளையாகவே இருக்கிறது. ஆகவே பயிற்சிக்கு அந்தப் பிள்ளையையும் கூப்பிடுகிறோம்.

இந்த அம்மா விஷயத்தில் முடியாதவையும் இருக்கின்றன. ஒரு முறைக்கு ஒரு சிரிஞ்ச் என்ற விதிக்கு இன்னும் வரவில்லை. முன்பு வலிக்கும்வரை ஓட்டியவர் இப்போது சில முறைக்கு ஒன்று என்று வந்திருக்கிறார். பயன்படுத்தியதைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு எங்களிடம் கொடுத்துவிடுகிறார். சேற்றில் வெறுங்காலோடுதான் இறங்க வேண்டியிருக்கிறது. மேலேறியதும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குவரை பேரனை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம், வேலை மும்முரத்தில் அது விட்டுப்போகிறது. ஆடி அமாவாசைக்கு விரதம் இருக்க வேண்டும் என்கிறார், அன்றைக்கு ஊசி அளவு என்ன என்பதை மருத்துவ அலுவலர் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். விழித்திரைப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் வரும் கண் முகாமில் அவர் பெயரைப் பதிந்திருக்கிறோம், அன்று கூலி போகாமல் இருக்க நடவில்லாத நாளாகப் பார்த்துத் தேதி வாங்கியிருக்கிறோம்.